கன்டர்ஸ்வில் ஏரியில் அக்டோபர் பாஸ் போட்டி: தெரியாத தண்ணீருக்குத் தயாரான அனுபவம்

அட்லாண்டா பக்கம் மீன்பிடிப்பவர்களுக்கு லேனியர் ஏரிதான் சொந்த வீடு. தெளிந்த தண்ணீர், நல்ல ஆழம், மாட்டுவது பெரும்பாலும் ஸ்பாட்டட் பாஸ் என்ற பாஸ் மீன் வகை. எங்கள் கிளப்பின் அக்டோபர் போட்டி அலபாமாவின் கன்டர்ஸ்வில் ஏரியில் என்று அறிவிப்பு வந்தபோது, அந்த ஏரியில் நான் ஒருமுறைகூடப் படகு இறக்கியிருக்கவில்லை. எப்படித் தயாரானேன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன். புது ஏரிக்குப் போட்டிக்காகப் போகிறவர்கள் உங்கள் அனுபவத்தையும் கீழே சொல்லுங்கள்.

கன்டர்ஸ்வில், டென்னசி ஆற்றின் குறுக்கே டிவிஏ (டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம்) கட்டி 1939இல் முடித்த அணையால் உண்டானது. சுமார் 69,000 ஏக்கர். மேலே நிக்காஜாக் அணையிலிருந்து கீழே கன்டர்ஸ்வில் அணை வரை ஏறக்குறைய 75 மைல் நீளம். பாஸ் மீன்பிடிப்பின் பெரிய போட்டியான பாஸ்மாஸ்டர் கிளாசிக் 1976, 2014, 2020 என மூன்று முறை இங்கே நடந்திருக்கிறது. லேனியரைப் போல ஆழத்தில் தேடுகிற ஏரி இல்லை இது. ஹைட்ரில்லா, மில்ஃபாயில் என்ற நீர்ச்செடிகள் கோடை முழுக்க வளர்ந்து, செப்டம்பர், அக்டோபரில் தண்ணீருக்கு மேல் பாய் விரித்ததுபோலப் படர்ந்து கிடக்கும். அந்தப் படலத்துக்கு அடியில் இருட்டிலும் நிழலிலும் லார்ஜ்மவுத் பாஸ் (பெரிய வாய் பாஸ்) காத்திருக்கும்.

75 மைலையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வரும். அந்த ஆசையைத்தான் முதலில் விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. படகு இறக்கும் இடம் ஸ்காட்ஸ்பரோவின் கூஸ் பாண்ட் என்பதால், அதற்குக் கீழே நார்த் சாட்டி, சவுத் சாட்டி ஓடைகளும் இடையிலுள்ள ஆற்றோரமும் மட்டுமே என் ஏரி என்று முடிவு செய்துகொண்டேன். மற்ற இடங்களில் எவ்வளவு பெரிய மீன் இருந்தாலும் அது எனக்கில்லை.

வீட்டில் இருந்தபடி செய்த வேலை இரண்டு. பழைய செயற்கைக்கோள் படங்களில் செடிப் படலம் எங்கெங்கே வந்திருக்கிறது என்று வருடம் வருடமாகப் பார்த்தேன். ஒவ்வொரு வருடமும் இடம் கொஞ்சம் மாறும். ஆனால் ஓடையின் பழைய வாய்க்கால் படலத்தை ஒட்டி எங்கே வளைகிறது என்பது மாறாது. அப்படி ஆழம் பக்கத்தில் இருக்கும் படலங்களை மட்டும் குறித்துக்கொண்டேன். இரண்டாவது, டிவிஏவின் லேக் இன்ஃபோ செயலி. இரண்டு அணைகளிலும் எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள் என்பது அதில் வரும். இது ஆறுதான், குளமல்ல. நீரோட்டம் இருக்கும்போது மீன் ஓர் இடத்தில் நிலைத்து நின்று இரைக்குக் காத்திருக்கும். நின்றுவிட்டால் கலைந்துவிடும்.

போட்டிக்கு முன் பயிற்சிக்குப் போனபோது மீன் பிடிப்பது என் நோக்கமே இல்லை. மோட்டாரை அணைத்துவிட்டு, படலத்தின் அருகில் பேசாமல் நின்று காது கொடுத்துக் கேட்டேன். புளூகில் என்ற சிறு மீன்கள் படலத்துக்கு அடியில் பூச்சியைத் தின்னும்போது சின்னச் சின்னதாக 'டப் டப்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் இருந்தால் அடியில் உயிர் இருக்கிறது, பாஸும் வரும். பார்க்க எவ்வளவு அழகான படலமாக இருந்தாலும் சத்தமே இல்லையென்றால் நகர்ந்துவிட வேண்டும். பச்சையாக, இளசாக இருந்த பல படலங்களில் ஒன்றுமே இல்லை. பழுப்பேறத் தொடங்கி, மேலே நுரையும் தூசியுமாகக் கெட்டியான இடங்களில்தான் புளூகில் சத்தம் கேட்டது.

தூண்டிலில் போடும் ரப்பர் தவளையின் இரண்டு முள்களையும், மீன் மாட்டாதபடி, உள்பக்கமாக வளைத்துவிட்டே பயிற்சியில் வீசினேன். படலத்தைக் கிழித்துக்கொண்டு மீன் மேலே பாய்கிற வேகத்தைப் பார்க்கும்போது வளைத்தது வருத்தமாகத்தான் இருக்கும்! ஆனாலும் அந்த மீனை இன்று பிடித்து விட்டுவிட்டால், சனிக்கிழமை போட்டியில் அது வாயைத் திறக்காது. இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்தேன். நேரத்தையும் அப்போது அணையில் ஓடிய தண்ணீரின் அளவையும் எழுதி வைத்தேன். ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தபோது, பாய்ந்தவற்றில் பெரும்பாலானவை தண்ணீர் விடத் தொடங்கிய பின் வந்தவை என்று தெரிந்தது. எனக்கு இந்தப் பயணத்தில் கிடைத்த பெரிய செல்வம் அந்தக் கையெழுத்துக் குறிப்புதான்.

அப்புறம் பாஸுக்கு இரையாகும் ஷாட் (shad) மீன்கள். இரவுகள் குளிர ஆரம்பித்ததும் அவை ஆற்றிலிருந்து ஓடைகளின் உள்பக்கம் ஏறும், பாஸ் பின்னாலேயே போகும். ஆகவே ஓடையின் உள்ளேயும் ஒரு மாற்று இடம் தேடி வைத்தேன். நார்த் சாட்டியில் வாய்க்காலை விட்டு விலகினால் மரக்கட்டைகள் ஏராளம். பகலில் மெதுவாகப் போன வழியை ஜிபிஎஸ்ஸில் பதிந்து வைத்து, போட்டியன்று அதே தடத்தில்தான் ஓட்டினேன்.

சின்ன விஷயங்கள்: ஜார்ஜியாவைவிட அலபாமா கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால். வெளிமாநிலத்தாருக்கு 7 நாள் உரிமம் கிடைக்கிறது. கன்டர்ஸ்வில்லில் லார்ஜ்மவுத் குறைந்தது 15 அங்குலம் இருந்தால்தான் எடைக்கு வைக்க முடியும்.

போட்டியன்று காலை ஆற்றின் மேல் அடர்ந்த மூடுபனி. இலையுதிர்காலத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் மேல் குளிர்காற்று இறங்கும்போது இது சகஜம். பெரிய சரக்குப் படகுகள் ஓடும் ஆறு என்பதால் பனி விலகும் வரை யாரையும் விடவில்லை. தூரத்து இடங்களை நம்பியிருந்தவர்களுக்கு நேரம் போய்விட்டது. என் முதல் இடம் பக்கத்திலேயே இருந்தது.

முந்தைய இரவே குளிர்காற்று அடித்து வானம் துடைத்துவிட்டது. தவளையை ஒரு மீனும் தொடவில்லை. புளூகில் சத்தம் மட்டும் அதே இடத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. அதனால் இடத்தை மாற்றாமல் லூரை (செயற்கை இரையை) மாற்றினேன். ஒன்றேகால் அவுன்ஸ் டங்ஸ்டன் எடை, சின்ன ரப்பர் நண்டு, 65 பவுண்டு தாங்கும் ப்ரெய்டு (பின்னிய) லைன். படலத்தைத் துளைத்து நேராக அடிக்கு இறக்கினால், கீழே போகும்போதே கவ்வியது. மதியத்துக்கு மேல் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் தவளைக்கும் இரண்டு வந்தன. ஐந்து மீன், மொத்தம் 16 பவுண்டுக்குச் சற்று மேல், மூன்றாம் இடம். ஐந்தையும் உயிரோடு ஏரியில் விட்டேன்.

ஹன்ட்ஸ்வில்லிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணா, எங்கள் ஏரியை இவ்வளவு பொறுமையாகப் படித்ததற்கு நன்றி. ஒன்று சேர்க்கிறேன். வீடுகள், படகுத்துறைகளை ஒட்டிய செடிகளுக்கு மருந்து தெளிப்பதுண்டு. போன வாரம் இருந்த படலம் இந்த வாரம் செத்துக் கிடக்கலாம். கடைசி நாள் ஒரு சுற்று பார்க்க வேண்டும். படலம் கைவிட்டால் ஓடைகளின் குறுக்கே போகும் சாலைப் பாலங்களுக்குப் போங்கள். ஷாட் கூட்டம் அந்த இடுக்கு வழியாகத்தான் உள்ளே போக முடியும், கரையில் கல் அடுக்கியிருக்கும். 2014 கிளாசிக்கில் ராண்டி ஹவல் கடைசி நாள் 29 பவுண்டுக்கு மேல் பிடித்து வென்றது ஸ்பிரிங் கிரீக் பாலத்தருகேதான். அது பிப்ரவரி, ஆனால் நவம்பரில் அதே மாதிரிப் பாலங்களில் லிப்லெஸ் கிராங்க்பைட் என்ற செயற்கை இரைக்கு எனக்கு நல்ல மீன் வந்திருக்கிறது.

நாக்ஸ்வில்லிலிருந்து:

கன்டர்ஸ்வில்லில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நீர்மட்டம் இரண்டு அடிதான் மாறும். எங்கள் டக்ளஸ் ஏரி அப்படியில்லை. லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள்) முடிந்ததும் டிவிஏ தண்ணீரை இறக்கத் தொடங்கும், குளிர்காலத்துக்குள் 40 அடி வரை போய்விடும். அங்கே போட்டிக்குப் போனபோது, வரைபடத்தில் 20 அடி என்று இருந்த முனை காய்ந்த மண்மேடாக நின்றது. அதனால் வெளியூர்க்காரர்களுக்கு நான் சொல்வது: முதலில் அன்றைய நீர்மட்டத்தைப் பார்த்து வரைபடத்தின் ஆழத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள், எந்தப் படகுத்துறை தண்ணீரைத் தொடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நன்மையும் உண்டு. காய்ந்து தெரியும் கரையைப் படம் எடுத்து வைத்தால், வசந்தத்தில் தண்ணீர் ஏறியதும் ஒவ்வொரு பாறையும் கட்டையும் எங்கே என்று தெரியும்.

டல்லாஸிலிருந்து:

எங்கள் டெக்சாஸின் லேக் ஃபோர்க் ஏரியில் என் முதல் போட்டிக்கு ஏரியைவிட விதியைத்தான் அதிகம் படித்தேன். அங்கே 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது. 24க்கு மேல் நாளொன்றுக்கு ஒன்றுதான். ஆகவே வழக்கமான எடைப் போட்டியில் 16க்குக் கொஞ்சம் குறைவான கொழுத்த மீன்கள்தான் தேவை. எல்லோரும் பெரிய மீனைத் தேடிப் போனபோது நான் பயிற்சி முழுவதும் 15 அங்குல மீன்கள் கூட்டமாக நிற்கும் ஓடை முனைகளைத் தேடினேன். அளவுகோலில் மீனின் வாயை மூடி வாலைக் குவித்து அளக்க வேண்டும். கால் அங்குலத்தில் மீன் போய்விடும்.

அண்ணா, ஒரு கேள்வி: கயாக்கில் (சின்னத் துடுப்புப் படகில்) வருபவர் கன்டர்ஸ்வில்லில் எங்கே தொடங்கலாம்?

பதிவு எழுதியவர்:

அக்கா, கயாக் என்றால் ஆற்றுப் பக்கமே வேண்டாம். சரக்குப் படகின் அலை பெரிது. ஓடைக்குள்ளேயே இறக்கிக்கொள்ளுங்கள். மோட்டார் படகு நுழையத் தயங்கும் மரக்கட்டைப் பகுதியில் உங்களால் சுலபமாகப் போக முடியும். காலையில் ஒரு படலத்தின் பக்கத்தில் துடுப்பை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கேளுங்கள். சத்தம் இருந்தால் அங்கேயே இருங்கள். லைன் 65 பவுண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும், செடியோடு சேர்த்துத்தான் மீனை இழுக்க வேண்டியிருக்கும்.