ஃபீல்டு ஹாக்கி பேடு இன்லைன் கோலுக்கு உதவுமா?

எழும்பூர் கீப்பர்:
எல்லாருக்கும் வணக்கம். பள்ளிக்கூடத்திலிருந்தே நான் ஃபீல்டு ஹாக்கி கோல்கீப்பர். எழும்பூர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம் டர்ஃபில்தான் பழக்கம். இப்போது அண்ணா நகர் பக்கம் நண்பர்கள் இன்லைன் ஹாக்கி (ஒரே வரிசை வீல் உள்ள ஸ்கேட் போட்டு ஆடுவது) ஆடுகிறார்கள். கீப்பர் இல்லை, நீ வா என்று இழுக்கிறார்கள். ஸ்கேட்டிங் சுமாராக வரும். ஃபோம் லெக் கார்டு (பேடு), கிக்கர் (ஷூமேல் மாட்டும் காப்பு), ஹேண்ட் புரொடெக்டர், ஹெல்மெட் எல்லாம் கைவசம் இருக்கிறது. இதையே வைத்து ஒப்பேற்றலாமா? இன்னொன்று, யூடியூபில் ஐஸ் ஹாக்கி கீப்பர்கள் முட்டி போட்டபடியே ஒரு போஸ்ட்டிலிருந்து மறு போஸ்ட்டுக்கு வழுக்கிப் போகிறார்கள். அதைப் பழகட்டுமா? எங்கள் தரை சிமென்ட்.

முகப்பேர் அப்பா:
என் பையன் ஆடுகிறான், நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிற ஆள். ஹெல்மெட் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் ஹெல்மெட்டின் கம்பி சுமார் 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள பந்துக்காகச் செய்தது. இன்லைனில் பந்துக்குப் பதில் அடிக்கிற பக் தட்டையான வட்டு, தடிமன் சுமார் ஒரு அங்குலம்தான். ஒரு பக்கைக் கையில் எடுத்து, கம்பிமேல் எல்லாக் கோணத்திலும் அழுத்திப் பாருங்கள். விளிம்பு கொஞ்சம் உள்ளே போனாலும் அந்த ஹெல்மெட் வேண்டாம். கிரிக்கெட் ஹெல்மெட்டும் இதே கதைதான். கழுத்துக்குத் தனியாகக் காப்பு வேண்டும், மறக்காதீங்க.

பெரம்பூர் பிளாக்கர்:
தம்பி, மேலே அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. காசு எங்கே போடுவது என்று கேட்டால் முதலில் தலை, அப்புறம் நெஞ்சு, அப்புறம்தான் கால்.

உங்கள் ஃபோம் பேடு கெட்ட பேடு இல்லை, வேற வேலைக்குச் செய்த பேடு. ஃபீல்டில் பந்து பட்டதும் தூரமாகத் தெறித்து டி-யை, அதாவது கோலுக்கு முன்னால் உள்ள வளைவுக் கோட்டை, தாண்டிப் போகணும். இங்கே ரிங்க், அதாவது ஆடுகளம், சின்னது. தெறித்தால் நேரே எதிராளி மட்டைக்குத்தான் போகும். இன்லைன் பக் ஐஸ் பக்கைவிட எடை குறைவு, சும்மாவே துள்ளும். அதற்கு மேல் ஃபோம் வேறயா? ஐஸ் ஹாக்கி மாதிரி பேடுதான் சரி: பக் பட்டால் காலடியில் செத்து விழணும். கிக்கர் ஷூவுக்குத்தான் பொருந்தும், வீலுக்கு மேல் எங்கே கட்டுவீர்கள்? ஹேண்ட் புரொடெக்டரும் அவ்வளவுதான். ஃபீல்டில் உங்களுக்குப் பந்தைப் பிடிக்க உரிமை இல்லை. இங்கே பிடிக்கலாம், பிடித்து அமுக்கினால் விசில் அடித்து ஆட்டம் நிற்கும். இடது கையில் கேட்ச் கிளவுஸ், வலது கையில் மட்டையோடு பிளாக்கர் (முன்பக்கம் தட்டையான பலகை வைத்த கிளவுஸ்). பக்கைப் பிடிக்கிற சுகம் தெரிந்தால் டர்ஃபுக்குத் திரும்ப மாட்டீர்கள்!

பேடு வாங்கும்போது உயரத்தைக் கேட்டு வாங்காதீங்க. நாற்காலியில் முட்டியை மடக்கி உட்கார்ந்து, கணுக்கால் நடுவிலிருந்து முட்டி நடு வரை அளந்து சொல்லுங்கள். முட்டி, பேட்டின் முட்டி மெத்தைக்குள் உட்காரணும். வீல் இருப்பதால் கால் உயர்ந்து நிற்கும். அதனால் ஸ்கேட்டோடு போட்டுப் பார்க்காமல் முடிவு பண்ணாதீங்க.

இப்போது அந்த வழுக்கல். அதை மறந்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. சண்டைக்கு வருபவர்கள் வரலாம். பிளாஸ்டிக் டைல் ரிங்கில் பேடு ஓரளவு வழுக்கும். சிமென்ட்டில் முட்டி எங்கே விழுந்ததோ அங்கேயே ஒட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் முன்னால் போகும். அப்படி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர்களை நிறையப் பார்த்தாச்சு. இங்கே பக் வருவதற்கு முன்பே நீங்கள் இடத்தில் நிற்கணும். முட்டி போடுவது கடைசி வேலை, நகர்வதற்கான வழி அல்ல.

நகர்வது காலால். ஐஸில் பிளேடு பக்கவாட்டில் சறுக்கும், வீல் சறுக்காது. ஆகவே கால் விரல் நுனி பக்கைப் பார்த்தபடியே, உள்பக்க வீலில் உதைத்துச் சின்னச் சின்ன அடி. பெரிய தூரமென்றால் முன்கால் போகிற திசைக்குத் திரும்பட்டும், பின்கால் தள்ளட்டும். நிற்பதுதான் கஷ்டம், போஸ்ட்டில் மோதித்தான் நிற்பீர்கள். போய் நிற்கிற பயிற்சியை முதலில் பக்கே இல்லாமல் செய்யுங்கள். உதை, நில், மட்டை தரையில் இருக்கிறதா பார். மறுபடி உதை.

உங்களுக்கு ஒரு சாதகம் உண்டு. 12 அடி கோலைக் காத்தவருக்கு இது பாதி அகலம்தான். கோடுமேல் நிற்காமல் மூன்று, நான்கு அடி முன்னால் வந்து நின்றால் அடிப்பவருக்குக் கோலே தெரியாது. ஆனால் ஒரு பக்கம் நான்கு பேர்தான் ஓடுகிறார்கள், இடம் நிறைய. குறுக்குப் பாஸ் வந்துகொண்டே இருக்கும். ரொம்ப முன்னால் வந்தால் திரும்பிப் போக நேரமில்லை.

மட்டை, ஐஸ் அல்லது இன்லைன் கோல்கீப்பர் மட்டை எதுவும் ஓடும்.

எழும்பூர் கீப்பர்:
ரொம்ப நன்றி அண்ணா. பேட்டின் முட்டிப் பக்கம் பிளாஸ்டிக் தகடு வைத்தால் சிமென்ட்டில் வழுக்கும் என்கிறார்களே?

பெரம்பூர் பிளாக்கர்:
கொஞ்சம் வழுக்கும், தேய்மானமும் குறையும். பாரிமுனையில் தகடு வாங்கி, பெரியமேட்டில் தோல் தைக்கிற ஆளிடம் கொடுத்து ஓரம் முழுக்கத் தைக்கச் சொல்லுங்கள். திருகாணி மட்டும் போடாதீங்க. அதன் தலை தரையைக் கீறும். ரிங்க் வாட்ச்மேன் ஒருமுறை கோடு பார்த்துவிட்டால் அப்புறம் உள்ளே விட மாட்டார்.

அடையாறு ஸ்கேட்டர்:
கீப்பர் இல்லை, டிஃபென்ஸ் ஆடுகிறேன். அண்ணன் வீலைப் பற்றிச் சொல்லவே இல்லை! டைலுக்கு விற்கிற 74ஏ, 76ஏ (எண் குறைந்தால் வீல் மெத்து) வீலை சிமென்ட்டில் போட்டால் அரிசி மாவு மாதிரி உதிரும். 82, 84 பாருங்கள். வெயிலில் வீல் இன்னும் இளகும், அதனால் நாங்கள் விடியற்காலைதான் ஆடுகிறோம். மார்கழியில் மட்டும் பனி விழுந்து தரை ஈரமாக இருக்கும். துணி போட்டுத் துடைக்காமல் இறங்காதீங்க.

கடல் காற்றில் பேரிங் துருப்பிடிக்கும். பெரும்பாலும் 608 அளவுதான், ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். பேட்டை வெயிலில் காயவைக்காமல் நிழலில், ஃபேனுக்கு முன்னால் பிரித்து வையுங்கள். நெஞ்சுக் காப்பைப் பையிலேயே விட்டுவிட்டால் அடுத்த வாரம் அம்மா வீட்டுக்குள் விட மாட்டார்கள்.

பெரம்பூர் பிளாக்கர்:
வீலை விட்டுட்டேன், தங்கச்சி சொன்னதுதான் சரி. தம்பி, புதுசு எதுவும் வாங்கிடாதீங்க. என் பழைய பேடும் கேட்ச் கிளவுஸும் சும்மாதான் கிடக்கின்றன. அடுத்த ஞாயிறு ரிங்குக்கு ஸ்கேட்டும் ஹெல்மெட்டும் மட்டும் எடுத்துட்டு வாங்க; ஹெல்மெட்டில் பக் சோதனை செய்துவிட்டு, கணுக்கால் முதல் முட்டி வரையான அளவை இங்கேயே போடுங்க.