மறு: ட்ரோன் மிதக்கிறதா? 'ஹோவரிங்' என்பதற்குத் தமிழ்ச்சொல்

அன்புடையீர், வணக்கம்.

> ட்ரோன் ஒரே இடத்தில் நிற்பதை 'மிதத்தல்' என்றே எழுதிவிடலாம். எல்லோருக்கும் புரிகிறதே.

புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. மிதப்பதற்கு உழைப்பே வேண்டாம். கிணற்றில் விழுந்த தேங்காயும் காற்றில் ஹீலியம் பலூனும் சும்மா மிதக்கின்றன; விலகிய நீரோ காற்றோ தாங்கிக்கொள்கிறது. ஒரு கிலோ ட்ரோன் விலக்கும் காற்று சில கிராம்தான். மோட்டார் நின்றால் தொப்பென்று விழும்.

அது நிற்பது காற்றை ஓயாமல் கீழே தள்ளித்தான். ஒரு கிலோவுக்கு எடை 9.8 நியூட்டன்; நான்கு விசிறிகளும் தலைக்கு 2.45 நியூட்டன் சுமக்கின்றன. விசிறியின் விட்டம் 24 செ.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்று விசிறியை நொடிக்குச் சுமார் 4.7 மீட்டர் வேகத்தில் கடக்க வேண்டும், அதற்கு மட்டும் நான்குக்கும் சேர்த்து ஏறத்தாழ 46 வாட். இது ஏட்டுக் கணக்கு. மோட்டார், விசிறி இழப்புகளையும் சேர்த்தால் நிறையவே கூடும். 'இடப்பெயர்ச்சி இல்லையேல் வேலை இல்லை' என்று படித்த பிள்ளை, "ட்ரோன் நகரவே இல்லையே, பேட்டரி ஏன் தீர்கிறது?" என்று கேட்கும். ட்ரோன் நகரவில்லை, காற்று நகர்கிறது. வேலை காற்றின்மேல் நடக்கிறது. 'மிதத்தல்' இதைத்தான் மூடி மறைக்கிறது.

2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாய்க் கோளில் நாசாவின் குட்டி ஹெலிகாப்டர் இன்ஜெனுயிட்டி 3 மீட்டர் எழும்பி அங்கேயே நின்றது. அங்குள்ள காற்றின் அடர்த்தி நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குதான். 1.8 கிலோவைத் தூக்க, 1.2 மீட்டர் விசிறிகள் நிமிடத்துக்குச் சுமார் 2,500 சுற்று சுற்ற வேண்டியிருந்தது. அதையும் மிதந்தது என்பதா?

> அந்தரித்தல்?

எனக்கும் முதலில் பிடித்தது. 'அந்தரத்தில் நிற்கிறது' என்றுதானே எல்லோரும் சொல்கிறோம். ஆனால் ஈழத்தில் அந்தரிப்பது என்றால் தவிப்பது. அங்குள்ள மாணவர் 'ட்ரோன் அந்தரிக்கிறது' என்று படித்தால் பாவம் என்று நினைப்பார்.

என் பரிந்துரை நின்றுபறத்தல். நின்றுபறக்கிறது, நின்றுபறக்கும் நேரம், நின்றுபறப்பு என்று எப்படியும் வளையும். குளத்துக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்துவிட்டுச் சட்டென்று பாயும் கருப்பு வெள்ளை மீன்கொத்திக்கும் பொருந்தும். 'நின்றுவிட்டு அப்புறம் பறப்பது' என்று பொருள்படாதா என ஒருவர் கேட்டிருந்தார். 'விளக்கு நின்று எரிகிறது', 'தெய்வம் நின்று கொல்லும்' என்பவற்றை யாரும் அப்படிப் படிப்பதில்லையே. சேர்த்தே எழுதினால் குழப்பம் இன்னும் குறையும்.

'நிலைப்பறப்பு' வேண்டாம். சீரான வேகத்தில் நேராகப் போவதற்கு அது தேவைப்படும்.

இருந்த இடத்திலேயே முகம் திருப்பும் 'யா'வுக்கு (yaw) தனி இழை தொடங்கலாம். எதிரெதிர்த் திசையில் சுழலும் இணைகளில் ஒன்றை விரைவாக்கி மற்றதைத் தணிப்பதால் வரும் முறுக்கு அது. 'திரும்பல்' போதும் என்று தோன்றுகிறது, பிறகு பார்ப்போம்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சமிருக்கிறது. எதிர்க்காற்று வீசும்போது ட்ரோன் சாய்ந்துகொண்டுதான் ஒரே இடத்தில் நிற்கும். தரைக்கு அது நிற்கிறது, காற்றுக்கு அது முன்னேறுகிறது. வரையறையில் 'தரையை ஒப்பிட' என்று சேர்த்தால் சரியாகுமா? சொல்லுங்கள்.

அன்புடன்