கை சரியாயிடுச்சு, ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்

அப்பாவுக்கு 67 வயசு, பிரஷர் மாத்திரை போடுறவர். காலையில காபி டம்ளரைத் தூக்கினப்போ வலது கை துவண்டு வேட்டியெல்லாம் கொட்டிடுச்சு. கூப்பிட்டா நாக்கு குழறுது, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்துச்சு. கால் மணி நேரத்துல எல்லாம் பழையபடி. அவரே வேட்டி மாத்திக்கிட்டு வந்து பேப்பரைப் பிரிச்சார். "பித்தம்மா, ராத்திரி தூக்கமில்ல"ன்னார். அம்மா சுக்கு தட்டப் போயிட்டாங்க.

நான் விடல. நரம்பியல் பிரிவு இருக்கிற ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போனேன். டிஐஏ, அதாவது மினி ஸ்ட்ரோக்னு சொன்னாங்க. மூளைக்குப் போற குழாய்ல ரத்தக்கட்டி அடைச்சு, தானா கரைஞ்சிருக்கு. சிடி ஸ்கேன்ல ஒண்ணும் தெரியல. இதுல பெரும்பாலும் தெரியாதாம். இசிஜியிலதான் பிடிபட்டுச்சு: இதயத்துடிப்பு தாறுமாறு. இதுக்குப் பேரு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இது இருந்தா இதயத்துல ரத்தம் தேங்கி உறையும், அந்தக் கட்டி மூளைக்குப் போகும். உறையாம இருக்க மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க.

2000-ல வந்த அமெரிக்க ஆய்வுல, டிஐஏ வந்தவங்கள்ல ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு 90 நாளுக்குள்ள பக்கவாதம் வந்திருக்கு. அதுல பாதி முதல் 2 நாள்லயே. 2007-ல ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு, உடனே சிகிச்சை கொடுத்தா அந்த ஆபத்து 80 சதவீதம் குறையுதுன்னு காட்டுச்சு. "சரியாயிடுச்சே"ன்னு யாராவது சொன்னா, தயவுசெஞ்சு கேக்காதீங்க.

—

படிக்கவே மனசு பதறுது. எங்க மாமாவுக்கும் இதேதான், இடது கால் மரத்து சரியாச்சு. பக்கத்து கிளினிக்ல சத்து ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. மறுநாள் விடியக்காலம் இடது பக்கம் முழுக்க விழுந்துடுச்சு. இன்னும் பிசியோதெரபி போயிட்டிருக்கு.

—

கண்ணையும் சேத்துக்கோங்க. சித்தப்பாவுக்கு ஒரு கண்ல மட்டும் மேலருந்து திரை இறங்கின மாதிரி சில நிமிஷம் இருட்டு. கண் டாக்டர் விவரமானவர், உடனே கழுத்துக்கு டாப்ளர், அதாவது ரத்த ஓட்டம் பாக்கிற ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மூளைக்குப் போற கழுத்து ரத்தக்குழாய் பயங்கரமா சுருங்கியிருந்துச்சு, 2 வாரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிட்டாங்க. சர்க்கரை, பீடி ரெண்டும் உண்டு அவருக்கு.

—

இப்படி வந்தா வீட்லயே ஆஸ்பிரின் கொடுத்துடலாமா?

—

வேண்டாம்ங்க. மூளையில ரத்தக்கசிவு இருந்தாலும் வெளியில இதே மாதிரிதான் தெரியும், ஸ்கேன் பாத்தாதான் பிரிச்சுச் சொல்ல முடியும். கசிவுன்னா ஆஸ்பிரின் இன்னும் கெடுத்துடும். ஆரம்பிச்ச நேரத்தைக் குறிச்சு வச்சுக்கிட்டு 108-க்குக் கூப்பிடுங்க. அறிகுறி போகாம நின்னா, கட்டி கரைக்கிற ஊசி பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ளதான் போடுவாங்க. முதல்ல அந்த நேரத்தைத்தான் கேப்பாங்க.