“பத்து வட்டியா?” காலேஜ் ஃபீஸ், கல்விக்கடன்: பெற்றோருக்குப் புரியவைத்த அனுபவங்கள்

கடன்_மேசை:

சாங்ஷன் லெட்டர் ரெடி. 4 லட்சம், நாலு வருஷ இன்ஜினியரிங், ஈடும் வேண்டாம், மார்ஜினும் (நாம் கைக்காசில் போடவேண்டிய பங்கு) வேண்டாம். மாணவனின் அம்மா கையெழுத்துதான் பாக்கி. “வட்டி பத்து வரும்மா” என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டார். “பத்து வட்டிக்கு வாங்க பேங்குக்கு எதுக்கு வரணும்? எங்க தெருவுலயே குடுக்கிறாங்களே.”

அவருக்குப் பத்து வட்டி என்றால் நூற்றுக்கு மாசம் பத்து ரூபாய். பேங்க் சொல்வது நூற்றுக்கு வருஷம் பத்து. தெருக் கணக்கில் அது 83 பைசா வட்டி. நகை அடகில் ‘ஒரு வட்டி’ என்பதே 12 சதவீதம், இது அதற்கும் கீழே. “முக்கால் வட்டிக்குக் கொஞ்சம் மேலே” என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். சதவீதம் என்ற சொல்லை வாயில் எடுக்காமல் விளக்கிப் பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

மீதிப் பாதி, “படிச்சு முடிக்கிறவரை வட்டி இல்லை” என்ற நம்பிக்கை. கட்டவேண்டியதில்லை என்பது வேறு, வட்டி ஏறாது என்பது வேறு. செலான் பின்பக்கம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்: வருஷ ஆரம்பத்தில் 1 லட்சம் வீதம் நாலு முறை காலேஜுக்குப் போகிறது. படிப்பு 4 வருஷம், அதற்கு மேல் அவகாசம் 1 வருஷம். முதல் லட்சத்துக்கு 5 வருஷ வட்டி 50,000. இரண்டாவதுக்கு 40,000, மூன்றாவதுக்கு 30,000, நாலாவதுக்கு 20,000. ஆக 1,40,000. இது தனி வட்டிதான். ஆனால் தவணை ஆரம்பிக்கிற அன்று அசலோடு சேர்ந்து 5,40,000 ஆகிவிடும், அதற்கப்புறம் வட்டி அந்த மொத்தத்துக்கும். பத்து வருஷத்தில் அடைத்தால் மாசம் 7,136 ரூபாய்.

வட்டியை மட்டும் அப்போதைக்கப்போது கட்டிவந்தால்? முதல் வருஷம் மாசம் 833, இரண்டாம் வருஷம் 1,667, மூன்றாம் வருஷம் 2,500, அப்புறம் 3,333. தவணை 5,286-க்கு இறங்கும். தவணையில் மட்டும் பத்து வருஷத்தில் 2,22,000 ரூபாய் வித்தியாசம், முன்பே கட்டிய 1,40,000 வட்டியைக் கழித்தாலும் 82,000 மிச்சம். படிக்கும்போதே வட்டி கட்டினால் ஒரு சதவீதம் வரை சலுகை தருகிற பேங்குகளும் உண்டு. அந்த அம்மா 833-ஐ மட்டும் சுழித்துக்கொண்டு போனார்.

ஃபீஸ்_செக்‌ஷன்:

எங்கள் பக்கம் தலைவலி ‘முதல் பட்டதாரி’. சர்டிஃபிகேட்டை லேமினேட் செய்து கொண்டுவந்திருந்தார் ஒரு அப்பா. “இதுதான் இருக்கே, அப்புறம் என்ன ஃபீஸ்?” பையில் பஸ் காசுதான் இருந்தது. அந்தச் சலுகை டியூஷன் ஃபீஸுக்கு மட்டும். பரீட்சைக் கட்டணம், பஸ், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் தனி. அதுவும் கவுன்சலிங்கில் வந்த சீட்டுக்குத்தான், மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது.

அவர் கோபத்துக்குக் காரணம் பக்கத்து வீட்டுப் பெண். அவள் ஒரு பைசா கட்டவில்லை. அவள் அரசுப் பள்ளிக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவள். அந்த ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பு சேர்கிறவர்களுக்கு 2021-லிருந்து டியூஷன், ஹாஸ்டல், கவுன்சலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. இரண்டு திட்டம், இரண்டு கணக்கு. “அவளுக்கு மட்டும் எப்படி?” என்று நாலு தடவை கேட்டார்.

கடனுக்குப் போகிறவர்கள் கவனிக்க: போனஃபைடில் (பேங்குக்காகக் காலேஜ் தரும் சான்றிதழ்) முதல் வருஷ ஃபீஸ் மட்டும் அடித்துத் தந்தால் திருப்பி அனுப்புங்கள். நாலு வருஷத்துக்கும், ஹாஸ்டல் மெஸ் தனித்தனியாக, லெட்டர்ஹெட்டில் வேண்டும். முதலில் எழுதாததைப் பிறகு பேங்கில் சேர்க்க வைப்பது பெரும்பாடு. திருப்பித் தரும் டெபாசிட்டையும் தனி வரியில் போடச் சொல்லுங்கள். பேங்குகள் பின்பற்றும் கல்விக்கடன் மாதிரித் திட்டத்தில் அதற்கு மொத்த டியூஷன் ஃபீஸில் 10 சதவீதம்தான் உச்சவரம்பு.

மானியக்_கணக்கு:

மேலே முதல் பதிவில் சொன்ன 833 ரூபாய் யோசனையை எல்லோருக்கும் நீட்டாதீர்கள். அப்படிக் கேட்டு மாசா மாசம் பேங்குக்குக் கட்டிவந்த ஒரு தாய், மூன்றாவது மாதம் குழுக்கடன் தவணையைத் தவறவிட்டார். குழுவில் இருந்த மற்றப் பெண்கள் எல்லோரும் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், சமைத்த சோறு அப்படியே இருந்தது. குழுக்கடனுக்கு வருஷம் 20 சதவீதத்துக்கு மேல் போகிறது. 10 சதவீதத் தனி வட்டியை அடைக்க அதை விடுவது என்ன கணக்கு?

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள், படிப்பு தொழிற்படிப்பு, கல்லூரிக்கு நாக் அங்கீகாரம் அல்லது அந்தக் கோர்ஸுக்கு என்பிஏ அங்கீகாரம் (இரண்டும் கல்வித் தரத்தைப் பார்த்துத் தருவது) என்றால், படிப்புக் காலம் பிளஸ் ஒரு வருஷத்து வட்டியை மத்திய அரசே மானியமாகத் தருகிறது. 2009-லிருந்து இருக்கிற திட்டம். அந்தக் குடும்பம் எதற்கு 1,40,000-ஐக் கைக்காசில் கட்டவேண்டும்? செய்யவேண்டியது, தாசில்தார் வருமானச் சான்றிதழை அந்த வருஷத்திலேயே கிளையில் கொடுத்து, ‘மானியத்துக்காக’ என்று எழுதி அக்னாலெட்ஜ்மென்ட் வாங்குவது. பாதியில் படிப்பை நிறுத்தினால் மானியம் போகும், மருத்துவக் காரணம் மட்டும் விலக்கு.

வருமானம் 8 லட்சம் வரை இருந்தால் பி.எம். வித்யாலட்சுமியைப் பாருங்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலம் பிளஸ் ஒரு வருஷத்துக்கு 3 சதவீத வட்டி மானியம், ஈடும் ஜாமீனும் இல்லை. ஆனால் தரவரிசைப் பட்டியலில் தேர்ந்தெடுத்த கல்லூரிகளுக்கு மட்டும், அறிவித்தபோது 860. உங்கள் பிள்ளையின் கல்லூரி அதில் இருக்கிறதா என்று பார்க்காமல் பிரசுரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கிளையில் சண்டை போடவேண்டாம். அது தினமும் நடக்கிறது.

கடன்_மேசை:

ஒப்புக்கொள்கிறேன், குழுக்கடன் இருந்தால் முதலில் அதுதான். ஆனால் “மானியம் வரும்” என்று சும்மா இருக்கச் சொல்லாதீர்கள். கிளை கிளைம் போட்டு, பணம் வந்து, கணக்கில் ஏறும்வரை ஸ்டேட்மென்ட்டில் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். வருஷத்துக்கொருமுறை ஸ்டேட்மென்ட் வாங்கி, மானியம் என்று ஒரு வரவு விழுந்திருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்க்கவேண்டும். விழாவிட்டால் அந்த வருஷமே கேட்கவேண்டும். ஐந்து வருஷம் கழித்து, சான்றிதழை வாங்கிய கிளர்க் மாற்றலாகிப் போன பிறகு, யாரைக் கேட்பது?

வசூல்_பக்கம்:

எல்லோரும் வாங்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். ஒரு பெரியவர் பேப்பர் கட்டிங்கோடு வந்தார்: “கவர்ன்மென்டே எனக்கு ஜாமீன் போட்டிருக்கு, பாருங்க.” 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு உத்தரவாத நிதி இருப்பது உண்மை. அது பேங்குக்கு. கடன் வாராமல் போனால் நிலுவையில் 75 சதவீதத்தை பேங்குக்குத் தரும். வாங்கியவர் கணக்கு அப்படியே நிற்கும், வசூலும் நிற்காது.

அவர் அதை நம்பி, தள்ளுபடியும் வரும் என்று காத்திருந்து, தவணையே கட்டவில்லை. 90 நாள் தாண்டியதும் வாராக்கடன். பெங்களூரில் வேலையில் இருந்த மகள் ஸ்கூட்டர் லோன் கேட்டபோது சிபிலில் (பேங்குகள் பார்க்கும் கடன் பதிவேடு) இது வந்து நின்றது. கடன் மகள் பெயரில் இருக்கிறது என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மகளை ஸ்பீக்கரில் போட்டு, “உன் பேருல நான் எங்கம்மா வாங்கினேன்?” என்றார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும்: “உங்க வீடு எங்க ஏரியா இல்லை” என்று கிளையில் திருப்பி அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தக் காரணத்துக்காக மறுக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். மாதிரித் திட்டப்படி மேலதிகாரி ஒப்புதல் இல்லாமல் கிளை தானாக நிராகரிக்க முடியாது. கல்விக்கடனுக்கு விண்ணப்பிக்கிற இணையதளமான வித்யாலட்சுமி போர்ட்டலில் ஒரே விண்ணப்பத்தில் மூன்று பேங்குக்குப் போடலாம், புரோக்கர் எதற்கு? சம்பளக்காரர்கள் கவனிக்க, வருமான வரியில் கல்விக்கடன் வட்டிக்கு மட்டும்தான் வரிக்கழிவு, அசலுக்கு இல்லை. கட்ட ஆரம்பித்த வருஷத்திலிருந்து 8 வருஷம். புது வரி முறைக்குப் போனால் அதுவும் இல்லை.

ஃபீஸ்_செக்‌ஷன்:

அந்த அம்மா கடைசியில் கையெழுத்துப் போட்டாரா?

கடன்_மேசை:

போட்டார். அதற்கு முன் ஒன்று கேட்டார்: “நான் சாட்சிக்குத்தானே போடுறேன்?” இல்லை, அவர் இணைக் கடன்தாரர். மகன் கட்டாவிட்டால் அவர் கட்டவேண்டும். பெயருக்குக் கீழே அது ஆங்கிலத்தில்தான் அடித்திருந்தது. தமிழில் பென்சிலால் பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். அதை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தார்.