'டியூப் எல்லாம் போடாதீங்க' என்கிறார் அப்பச்சி: எப்படி எழுதி வைப்பது?

மேலவளவு:
அப்பச்சிக்கு (எங்கள் அப்பா) 79. சுகர், பிரஷர் உண்டு, நினைவில் குறையில்லை. "கடைசிக் காலத்துல டியூப் எல்லாம் போட்டு இழுத்துக்கிட்டுக் கிடக்க வைக்காதீங்கப்பா" என்று அடிக்கடி சொல்கிறார். கானாடுகாத்தான் வீட்டில் அவரும் ஆத்தாவும்தான்; பிள்ளைகள் வெளியூர். உயிலில் ஒரு வரி சேர்த்தால் போதுமா?

கோட்டையூரான்:
போதாது தம்பி. உயிலைப் பிரிப்பதே காரியமெல்லாம் முடிந்த பிறகுதான். இதற்குத் தனி ஆவணம் வேண்டும்; 'லிவிங் வில்' என்பார்கள். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் அனுமதித்தது. அப்போது மாஜிஸ்திரேட் மேலொப்பம் தேவைப்பட்டது. 2023 ஜனவரிக்குப் பிறகு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும்.

அப்பச்சி இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிகள் பங்காளிகளாக இல்லாமல், சொத்தில் சம்பந்தமே இல்லாதவர்களாக இருக்கட்டும். அவரால் பேச முடியாதபோது யார் பேசுவது என்று பெயர் எழுத வேண்டும். ஒருவருக்கு மேலும் எழுதலாம். அதில் ஒருவராவது நாலைந்து மணி நேரத்தில் வந்து சேரக்கூடியவராக இருப்பது நல்லது.

நகல் அந்தப் பெயர்க்காரர்களுக்கு, குடும்ப டாக்டருக்கு, பேரூராட்சிக்கு. அங்கே "இப்படி ஒண்ணு வாங்குறதில்லையே" என்றால் வாதாட வேண்டாம். ஒரு மனுவோடு கொடுத்து உங்கள் பிரதியில் சீல் வாங்கிவிடுங்கள்.

நர்ஸ் ஆச்சி:
முறையெல்லாம் ஒரு நாள் வேலை. என்ன எழுதுவது என்பதுதான் கஷ்டம். "டியூப் வேண்டாம்" என்றால் எந்த டியூப்? மூக்கு வழியாகக் கஞ்சி போகிற குழாயா, மூத்திரக் குழாயா, வென்டிலேட்டரா? தெளிவில்லாத ஆவணத்தை மருத்துவக் குழு ஏற்காது. நிமோனியாவுக்குச் சில நாள் வென்டிலேட்டரில் இருந்து எழுந்து வீட்டுக்கு வருகிறவர்களும் உண்டு. அதனால் "7 நாள் பாருங்கள், தேறவில்லை என்றால் எடுத்துவிடுங்கள்" என்று நாள் கணக்கோடு எழுதலாம். இதயம் நின்றால் நெஞ்சை அழுத்துவது (இந்த வயதில் விலா எலும்பு முறிவது சகஜம்), டயாலிசிஸ், ஐசியூ ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வேண்டும், வேண்டாம் என்று இருக்கட்டும். வேண்டியதையும் எழுத மறக்காதீர்கள்: வலிக்கு மார்ஃபின் உட்பட மருந்து, வாய் உலராமல் நனைப்பது, முடிந்தால் சொந்த வீட்டில்.

அதற்கு முன்னால் அவர் மனசு என்ன என்று அவருக்கே தெரிய வேண்டும். முகப்பில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது கேளுங்கள்: நடக்க முடியாமல் போனால்? பேச்சு போனால்? ஆத்தா முகமே தெரியாமல் போனால்? எது போனால் 'இனிப் போதும்' என்பீர்கள்? "உங்களுக்குப் பாரமா இருக்கக் கூடாது" என்றுதான் முதலில் வரும். அது உங்களைப் பற்றிய பதில், அவரைப் பற்றியது அல்ல. அதை எழுதிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். ஒரு வாரம் விட்டுத் திரும்பக் கேளுங்கள். பேப்பர் படிக்க முடியாவிட்டால் என்ன இருக்கிறது என்பார் ஒருவர். பேரப்பிள்ளை சத்தம் காதில் விழுந்தால் போதும் என்பார் இன்னொருவர். அவர் வாயில் வந்த சொல்லையே முதல் பத்தியாக வையுங்கள்.

கோட்டையூரான்:
ஆச்சி சொன்னது சரி. இன்னொன்று: பத்திரம் என்று உள்வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவிடாதீர்கள். ராத்திரி 2 மணிக்குச் சாவிக்கொத்தைத் தேட முடியாது. மருந்துச் சீட்டு ஃபைலிலேயே ஒரு நகல் இருக்கட்டும்.

108 ஆட்களிடம் நீட்டினால் அவர்கள் சிகிச்சையை நிறுத்த மாட்டார்கள். நினைவிருக்கும்வரை அப்பச்சி சொல்வதுதான் செல்லும். நினைவு தப்பி, குணமாகாத நிலை என்றால்தான் இந்தக் காகிதம். சிகிச்சை தரும் டாக்டரோடு இரண்டு நிபுணர்கள் முதல் குழு. அடுத்து இன்னொரு மூவர் குழு. ஒவ்வொன்றும் 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்வது நல்லது என்கிறது தீர்ப்பு. உங்கள் ஆஸ்பத்திரியில் இப்படிக் குழு போடுவார்களா என்று இப்போதே விசாரியுங்கள்.

மேலவளவு:
ஆத்தாவுக்கு லேசான மறதி. அவருக்கும் எழுதலாமா?

நர்ஸ் ஆச்சி:
தள்ளிப் போடாதீர்கள். சுயநினைவோடு, புரிந்து எழுதினால்தான் செல்லும். கையெழுத்துப் போடும் அன்றே டாக்டரிடம் மனத்தெளிவுச் சான்று வாங்கித் தேதியோடு இணையுங்கள். காலை நேரம் நல்லது. சாயங்காலம் ஆக ஆகக் குழப்பம் கூடும். அப்பச்சி பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுக்காமல், ஆத்தாவிடம் தனியாகக் கேளுங்கள்.