முதல் தாங்ஸ்கிவிங் வருகிறது: கனடாவுக்குப் புதிதாகப் போன யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு

ஒக்டோபர் பிறந்தால் அங்கே போய் ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளைகளிடமிருந்து எனக்கு ஒரே கேள்விதான் வரும். "அக்கா, நீண்ட வார இறுதியாம், எல்லாரும் வீட்டுக்குப் போகினம். நான் என்ன செய்யிறது?" நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கனகாலம் வேலை செய்துவிட்டு இப்போது கோண்டாவிலில் வந்து இருக்கிறேன். இரண்டு பக்கமும் தெரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கனடாவில் தாங்ஸ்கிவிங் ஒக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை. 1957இல் பாராளுமன்றம் அப்படி நிலைப்படுத்தியது. நல்ல விளைச்சலுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லும் நாள் என்றே அந்த அறிவிப்பில் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது நவம்பர் நான்காவது வியாழக்கிழமை. கனடாவில் குளிர் முந்தி வந்துவிடும், அறுவடையும் முந்தி முடிந்துவிடும். எங்கள் ஊரிலோ ஒக்டோபர் என்றால் விதைப்பும் மழையைப் பார்த்திருப்பதும்தான். நெல் வீட்டுக்கு வருவது தையில். தைப்பூசத்தை ஒட்டி நல்லூர்க் கோயிலில் புதிர் (புது நெல்) எடுப்பார்கள், வீடுகளிலும் புது அரிசியில் சோறு ஆக்கிப் படைப்போம். ஆகவே ஒக்டோபரில் அறுவடைச் சந்தோசம் மனதில் வரவில்லையே என்று யோசிக்காதீர்கள். உடம்பு இன்னும் ஊர்க் கணக்கில்தான் இருக்கிறது.

நன்றி வராததற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. காணியை ஈடு வைத்து, அம்மாவின் நகையை விற்று வந்திருப்பீர்கள். பகலில் படிப்பு, இரவில் ஷிப்ட். போனை எடுத்தால், "நீ போய்ச் சேர்ந்ததே பெரிய காரியம், சந்தோசமா இரு" என்பார்கள். சொல்பவர்கள் அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்கும் பிள்ளைக்கு அது இன்னொரு கடன் மாதிரி வந்து ஏறும். அந்தச் சுமையோடு "இந்த நாட்டுக்கு நன்றி" என்று பொதுவாகச் சொல்லப் பார்த்தால் வாய் வராது. ஒரேயொரு ஆளை நினைத்துப் பாருங்கள். விமான நிலையத்துக்கு வந்து ஏற்றியவர், முதல் மாத வாடகைக்குப் பொறுத்தவர், எந்த பஸ் என்று காட்டியவர், யாராவது ஒருவர்.

எனக்கு அந்த ஆள் வேலையிடத்தில் இருந்த ஒரு பிலிப்பைன்ஸ் பெண். முதல் குளிரில் நான் வெறுங்கையோடு பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்த பழைய கம்பளிக் கையுறைச் சோடியை எடுத்து, சின்னப் பிள்ளைக்குப் போடுவதுபோல விரல் விரலாக இழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த தாங்ஸ்கிவிங்குக்கு உழுந்து வடை சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையுறைக் கதையைச் சொன்னேன். அவருக்கு அது ஞாபகமே இல்லை. எனக்கு அதற்குப் பிறகுதான் அந்த ஊரில் கால் ஊன்றியது.

ஊருக்கும் எடுங்கள். ஒக்டோபரில் ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒன்பதரை மணித்தியாலம் வித்தியாசம். அங்கே காலை 7 மணி என்றால் இங்கே பின்னேரம் நாலரை, அம்மா தேத்தண்ணி குடிக்கிற நேரம். எங்களுக்கு அன்று லீவு இல்லை, அதையும் நினைவில் வையுங்கள். எங்கள் வீடுகளில் நேராக நன்றி சொல்லிப் பழக்கமில்லை, சொன்னால் "என்னடா, சுகமில்லையா?" என்று பயந்துவிடுவார்கள். செய்ததைச் சொல்லுங்கள், போதும். "சித்தப்பா, நீங்கள் அன்றைக்குக் கொழும்புக்கு வந்து ஏற்றிவிட்டது ஞாபகம் வந்தது." அவ்வளவும் அவருக்கு விளங்கும்.

யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் கூச்சப்படாமல் போங்கள். மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். வான்கோழிக்குள் அடைக்கிற பாணில் சில வீடுகளில் பன்றியிறைச்சியும் சேர்ப்பார்கள். மேசையைச் சுற்றி ஆளுக்கொரு நன்றி சொல்லும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு, ஒரு வசனம் போதும். நீங்களே வான்கோழி சமைப்பதென்றால் உறைந்ததை பிரிட்ஜுக்குள் வைத்து இளக்க வேண்டும், கிலோவுக்கு ஏறக்குறைய 10 மணித்தியாலம். 6 கிலோ பறவைக்கு இரண்டரை நாள் போய்விடும். வெளியே மேசையில் வைத்து இளக்காதீர்கள். முழுப் பறவை உள்ளே 82 பாகை செல்சியஸ் வரை வேக வேண்டும். சின்ன அடுப்பென்றால் கோழிக்கறியே போதும், ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "வேலை தந்ததுக்கு நன்றியோட இரு" என்று சொல்லி அந்த நாள் சம்பளத்தை விழுங்குகிற இடங்கள் உண்டு. நான் வேலை செய்த ஒரு இடத்திலும் அதுதான் நடந்தது. ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் ஆண்டுக்கு ஒன்பது பொது விடுமுறைகள், தாங்ஸ்கிவிங் அதில் ஒன்று. பெரும்பாலான வேலைகளில், பகுதிநேரமானாலும் புதிதாகச் சேர்ந்தாலும், விடுமுறைச் சம்பளம் உண்டு. அந்தக் கிழமைக்கு முந்திய நாலு வேலைக்கிழமைகளில் உழைத்த சாதாரணச் சம்பளத்தோடு அந்தக் காலத்துக்குரிய வருடாந்த லீவுக் கொடுப்பனவைக் கூட்டி 20ஆல் பிரித்தால் வருகிற தொகை. முந்திய ஷிப்டையோ அடுத்த ஷிப்டையோ தக்க காரணமில்லாமல் விட்டால் அது கிடைக்காது. அன்று வேலை செய்தால் அதற்குமேல் ஒன்றரை மடங்கு, அல்லது சாதாரணச் சம்பளமும் சம்பளத்தோடு வேறொரு நாள் லீவும். கேளுங்கள். கேட்பது நன்றிகெட்ட செயல் இல்லை.

1986 ஆகஸ்டில் கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால், கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டு இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை அந்த ஊர் மீனவர்கள் காப்பாற்றினார்கள். அவர்களில் ஒருவர் கஸ் டால்டன். 30 வருடம் கழித்து 2016இல், தப்பியவர்களில் சிலர் அங்கே போய் அவரைக் கண்டு நன்றி சொன்னார்கள். உடனே சொல்ல முடியாத நன்றியும் இருக்கும். இந்த வருடம் முடியாவிட்டால் விடுங்கள், பெயரை மட்டும் மறக்காமல் வைத்திருங்கள்.

சரி, தனியாக இருக்கப் போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டு, சனிக்கிழமையே சாமான் வாங்கிவிடுங்கள். சோறு போடும்போது இன்னொரு ஆளுக்கும் சேர்த்துப் போடுங்கள். பேஸ்மென்டில் அடுத்த அறையில் இருக்கிற பிள்ளைக்கும் அன்று போக இடமிருக்காது. சாப்பிட்டாயா என்று கதவைத் தட்டிக் கேளுங்கள்.