மறு: எஞ்சின் குளிர்நீரில் சிக்கும் காற்று – என்ன சொல் வைக்கலாம்?

ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எஞ்சின் குளிர்நீரில் சிக்கிய காற்றை வெளியே விடும் வேலைக்கு, அதாவது ஆங்கிலத்தில் 'bleeding' என்பதற்கு, தமிழ்ச் சொல் தேடுகிறோம். இதுவரை 'காற்று வெளியேற்றம்', 'வடிப்பு', 'காற்றுப்போக்கு' என மூன்று வந்திருக்கின்றன.

'காற்று வெளியேற்றம்' என்ற ஐயாவின் சொல்லில் இலக்கணக் குறை எதுவும் இல்லை. ஆனால் வாகனத் துறையில் 'வெளியேற்றம்' என்றால் எல்லோர் நினைப்பும் புகைக்குழாய்க்குத்தான் போகும். 'வடிப்பு' அறவே பொருந்தாது. ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்து பழைய கூலண்டை (குளிர்நீரை) இறக்குவதுதான் வடிப்பது. இங்கே நீர் உள்ளேயே இருக்கவேண்டும், காற்று மட்டும் போகவேண்டும். கோவை நண்பர் சொன்ன 'காற்றுப்போக்கு' புகைபோக்கியின் வழியில் வந்தது என்பது புரிகிறது. ஆனால் படிப்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது வயிற்றுப்போக்குதான். மன்னிக்கவும், அது வேண்டாம்.

வேலையைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். கூலண்டையோ ஹோஸையோ வாட்டர் பம்பையோ மாற்றும்போது உள்ளே காற்று புகுந்துவிடுகிறது. அது எஞ்சினின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் மேல்பகுதி, தெர்மோஸ்டாட் (சூடு ஏறியதும் நீர்வழியைத் திறக்கும் வால்வு) கூடு, ஹீட்டர் என மேடான இடமாகப் பார்த்துத் தங்கிக்கொள்ளும். குமிழ் நிற்கும் இடத்தில் உலோகத்தின் சூட்டை வாங்கிச் செல்ல நீர் இல்லை. வெப்ப உணரியும் அந்தக் குமிழுக்குள் அகப்பட்டுக்கொண்டால் வெப்பமானி முள் ஒழுங்காக நிற்கும், ஹெட் வளைந்துகொண்டிருக்கும்.

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எனக்குப் பழக்கமான பட்டறையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் மூடியைத் திறப்பார்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். வண்டியின் முன்பக்கம் உயர்ந்திருக்கவேண்டும். இந்தக் கரையில் மேட்டுக்கு எங்கே போவது, ஜாக்கிதான். ரேடியேட்டர் வாயில் புனலைச் செருகி, கூலண்டை மெதுவாக ஊற்றி, எஞ்சினை ஓடவிடுவார்கள். ஹீட்டர் முழுச் சூட்டில் இருக்கவேண்டும். சித்திரை வெயிலில் ராமேஸ்வரம் வந்த வண்டிக்காரரிடம் ஹீட்டரைப் போடச் சொன்னால் அவர் பார்க்கும் பார்வையே தனி. சூடு 80, 90 டிகிரிக்கு ஏறி தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சட்டென்று சுடும். புனலில் நீர் ஒரு மடக்கு இறங்கும், அப்புறம் குபுக் குபுக்கென்று குமிழ் வரும். மேஸ்திரி கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஹோஸைப் பிசைந்துவிடுவார். பெரிய குமிழ் நின்று, ஊசிமுனைக் குமிழும் நின்றபிறகுதான் மூடி போடுவது. ஊற்றுவது காய்ச்சி வடித்த நீர் கலந்த கூலண்ட் மட்டுமே. எங்கள் ஊர்க் கிணற்று நீரின் உப்பு அலுமினியத்தை அரித்துவிடும்.

இந்த வேலைக்கு அந்தப் பட்டறையில் யாரும் பெயர் தேடவில்லை. 'ஏர் எடுப்பது' என்கிறார்கள். காருக்கு மட்டுமல்ல. விசைப்படகில் டீசல் தீர்ந்து எஞ்சின் நின்றுவிட்டால், டீசல் ஊற்றியபின் ஃபில்ட்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, நுரை போய்த் தெளிந்த டீசல் ஒழுகும்வரை விடுவார்கள். அதுவும் ஏர் எடுப்பதுதான். பிரேக் குழாய்க்கும் இதே வினைதான். பம்புசெட் வைத்திருக்கும் விவசாயியோ இதன் மறுபாதியைச் சொல்கிறார்: 'மோட்டார் காற்றுப் பிடித்துக்கொண்டது.'

ஆகவே என் பரிந்துரை: கோளாறு 'காற்றுப்பிடிப்பு', அதைத் தீர்க்கும் வேலை 'காற்றெடுப்பு', வினையாக 'காற்றெடுத்தல்', அதற்கான திருகு 'காற்றெடுப்புத் திருகு'. பட்டறைக்காரர் பாதியை ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறார். 'ஏர்' இருக்கும் இடத்தில் 'காற்று' வைப்பதோடு நம் வேலை முடிகிறது.

காற்றெடுப்பு என்றால் எஞ்சின் காற்றை உள்ளே இழுப்பதாகப் பொருள்படாதா என்று திருச்சி நண்பர் கேட்டிருந்தார். நியாயமான ஐயம். அதற்கு 'உள்ளிழுப்பு' என்று பாடநூல் வழக்கு இருப்பதால் மோதல் வராது என்று நினைக்கிறேன். ஆனால் ஏசிக்கு இந்தச் சொல்லை நீட்டவேண்டாம். அங்கே பம்பு வைத்துக் குழாயை வெற்றிடமாக்குகிறார்கள். அது வேறு வேலை. ஜெட் எஞ்சின் அமுக்கியிலிருந்து (கம்ப்ரஸர்) கேபினுக்குக் காற்றைப் பிரித்து எடுக்கிறார்களே, அதுவும் வேறு. அங்கே காற்றுதான் வேண்டிய பொருள், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'bleed' என்ற ஒரே வினை இருந்தால் என்ன?

ஒன்றுக்கு மட்டும் என்னிடம் விடை இல்லை. இப்போதைய பல கார்களில் மேட்டுப்பகுதியிலிருந்து, சூட்டில் பெருகும் நீரை வாங்கிக்கொள்ளும் விரிவுத் தொட்டிக்கு மெல்லிய குழாய் ஒன்று போகிறது. எஞ்சின் ஓடும்போதே காற்று அதன் வழியாகப் போய்விடும், ஆள் கை வைக்கத் தேவையில்லை. அந்த அமைப்பை என்னவென்று சொல்வது? 'தற்காற்றெடுப்பு' என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. யாரிடமாவது இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள்.